சும்மா கிடந்த உடம்பு

தஞ்சாவூர்
6-1-1971

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி காயாரோகணம் எழுதுவது. எனக்கு வேலை மாதிரி ஒன்று கிடைத்திருக்கிறது. என்ன வேலை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். படுத்துக் கிடக்க வேண்டும், தின்ன வேண்டும். அவ்வளவுதான்.

சிரிக்காதே. இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஜெக்கரியா என்று ஒரு டாக்டர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். நோய் நொடி இல்லாத இளவட்டங்கள் நாலு பேர் வேண்டும், உழைத்துப் பழகிய உடம்பாக இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். பி.யு.சி. முடித்துவிட்டு இரண்டு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டே இருக்கிறேனே, அந்த அலைச்சலில் என் காதுக்கும் செய்தி வந்தது. போய் நின்றேன். மாரைத் தட்டிப் பார்த்தார், நாடி பார்த்தார், எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. குளிக்கப் போனாலும் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள்.

"ஏன் சார், எங்கள மாதிரி ஆளுங்கதான் வேணுமா?" என்று கேட்டேன்.

"டவுன்ல நான் பாக்கற பசங்க உடம்பு ஏற்கெனவே கெட்டுப்போச்சு தம்பி. உங்க உடம்பு இன்னும் சுத்தமா இருக்கு. சும்மா கெடந்து, மேல மேல தின்னா நல்ல உடம்புக்கு என்ன ஆகுதுன்னு நான் பாக்கணும்" என்றார்.

காலையில் நெய்ப் பொங்கல், இரண்டு முட்டை, வாழைப்பழம். பத்து மணிக்குப் பாலும் லட்டும். மத்தியானம் வெள்ளைச் சம்பாச் சோறு, பருப்பு, நெய், ஆட்டுக்கறி, தயிர். சாயங்காலம் கேசரி. ராத்திரி மறுபடியும் சோறு. பசிக்கிற அளவைப் போல ஒன்றரை மடங்கு தின்ன வேண்டும் என்பது கணக்கு.

ஒரு மாதத்தை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் ஆஸ்பத்திரி லேபில் அட்டெண்டராகச் சேர்த்துவிடுவதாக டாக்டர் வாக்குக் கொடுத்திருக்கிறார். சர்க்கார் சம்பளம். அப்புறம் நம் வீட்டில் யாரும் பண்ணையார் குஞ்சிதபாதம் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள். அதை அப்பாவிடம் சொல்லாதே.

அறுப்பு எப்போது தொடங்குகிறது? உன் வீட்டுக்காரர் இராஜாங்கம் மாமா சௌக்கியமா?

தம்பி,
காயா


தென்னவராயன்குடி
13-1-1971

தம்பி காயாரோகணத்துக்கு அக்கா அம்சம் எழுதுவது.

உன் கடிதம் வந்தது. அப்பா களத்து மேட்டில் உட்கார்ந்திருந்தார். தெருவில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். படிக்கச் சொன்னார். படித்தேன். நீ என்னென்ன தின்கிறாய் என்ற இடம் வந்ததும், "அத இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன். ஆட்டுக்கறி என்று நான் சொன்னபோது ராமாயி சித்தியின் சின்னப் பிள்ளை வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா, "எம் பையன் ஒருத்தனாவது திங்கிறான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ரத்தம் எடுப்பதையும் படித்துவிட்டேன். எது படிக்கக் கூடாதது என்பதை நீ கடைசியில் எழுதினால் நான் என்ன செய்வேன்?

இங்கே அறுப்பு இல்லை. கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடக்கிறது. அறுக்கிற கலத்துக்கு அரைப்படி நெல் கூலி கூட்டித் தர வேண்டும் என்று நம் சங்கம் கேட்டது. பண்ணை முடியாது என்றுவிட்டது. கூலிச் சட்டம் வந்துவிட்டதே என்று தாசில்தாரிடம் போனோம். தேர்தல் வருகிறது, முடியட்டும், மூன்று தரப்பையும் கூப்பிட்டுப் பேசலாம் என்கிறார். சுவர் முழுக்கச் சூரியன் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் அடுப்பு எரியவில்லை.

வேலை நிறுத்தம் ஆரம்பித்த மறுநாளிலிருந்தே பண்ணை ஆட்கள் வாய்க்காலில் நண்டு பிடிக்கக்கூட விடுவதில்லை. மனையைக் காலி செய்யச் சொல்லிப் பண்ணையின் காரியக்காரர் வீடு வீடாக வந்துவிட்டுப் போனார். தலைமுறையாக இருக்கிற மனை. "போறோம், எங்கன்னு நீங்களே சொல்லுங்க" என்று அப்பா கேட்டார். அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பொங்கலுக்கு இந்த வருஷம் பானை ஏற்றப்போவதில்லை. உன் மாமா சங்கக் கொடி மரத்தடியை விட்டு நகர்வதில்லை. நீ எப்போது வருவாய்? உன்னை மாதிரி வயசு ஆட்கள் இங்கே நாலு பேர் கூட இல்லை.

அக்கா


தஞ்சாவூர்
18-1-1971

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதைப் படித்த பிறகு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் தின்றேன். அப்துல் அஜீஸ் என்று ஒரு வார்டு பாய் இருக்கிறார். தட்டு காலியாகும்வரை கட்டில் பக்கத்திலேயே நிற்பார். "சாப்ட்ருங்க தம்பி, மிச்சம் வெச்சா டாக்டர் என்னையத்தான் கேப்பாரு" என்பார். பாவம், நல்ல மனுஷர். பெருக்க வருகிற அம்மாவிடம் ஒரு லட்டை ஒளித்துக் கொடுத்தேன். வாசலிலேயே அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் தட்டில் திருப்பி வைத்துவிட்டார்.

முதல் நாலைந்து நாள் கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. இப்போது நெய் வாசனை வந்தாலே குமட்டுகிறது. தின்றவுடன் கண் சொருகுகிறது. தூங்கி எழுந்தால் தூங்கின மாதிரியே இல்லை. படுத்தபடி இருக்கிறவனுக்கு நாடி எதற்கு இப்படி அடிக்க வேண்டும்?

நேற்று எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அடியில் சிவப்பு தங்கிவிட்டது. மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர், அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. கொழுப்பு என்றார் டாக்டர். வந்த அன்றைக்கு என் ரத்தம் அப்படி இல்லையாம்.

வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, அப்புறம் விட்டுவிட்டு ரத்தம் எடுக்கிறார்கள். முதலில் பார்த்தபோது ஏறின சர்க்கரை சட்டென்று இறங்கிவிட்டதாம். இப்போது இறங்க அடம் பிடிக்கிறது. ஏன் என்று கேட்டேன். "சர்க்கரையை வாங்கி எரிக்கிறது ஒழைக்கிற சதைதான் தம்பி. அது சும்மா கெடந்தா வாங்க மாட்டேங்குது. மேல மேல தீனியும் வந்தா ரத்தத்துலயே சுத்திக்கிட்டு நிக்கும்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். கெட்ட மனிதர் இல்லை அக்கா. இதைக் கண்டுபிடித்தால் எத்தனையோ பேரைக் காப்பாற்றலாம் என்று நிஜமாகவே நம்புகிறார்.

பாதியில் எழுந்து வந்தால் வேலை கிடையாது. யோசித்துப் பார். நம் வீட்டுக்கு இருக்கிற ஒரே வழி இது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காயா


தென்னவராயன்குடி
24-1-1971

தம்பி,

பொறுத்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருந்தாய். சரி.

வெள்ளிக்கிழமை இரண்டு லாரியில் வெளியூர் ஆட்கள் வந்தார்கள். முன்னால் போலீஸ் வேன். நாங்கள் பெண்கள் எல்லாரும் பாதையில் படுத்தோம். என் தோளில் லத்தி விழுந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை, அதனால்தான் எழுத்து இப்படி. பேப்பரைப் பிடித்துக்கொள்ள அந்தக் கை உதவவில்லை.

உன் மாமாவையும் மற்ற ஆம்பளைகளையும் பிடித்துத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தெருவில் இருப்பது கிழங்களும் நாங்களும் பிள்ளைகளும்.

வந்த ஆட்களும் நம்மை மாதிரிப்பட்டவர்கள்தான். அதில் ஒருத்தி நான் அடிபட்டுக் கிடந்தபோது தண்ணீர் கொடுத்தாள். "எங்க ஊர்ல மழ இல்லக்கா, நாங்க என்ன பண்ணுவோம்" என்று அழுதாள். அவளிடம் என்ன சண்டை போடுவது?

அப்பா உன்னைக் கூப்பிடக் கூடாது என்கிறார். "அவன் வந்து என்ன செய்யப்போறான், அங்கயாச்சும் கெடக்கட்டும்" என்கிறார். நான் கூப்பிடுகிறேன். தலையில் கட்டுச் சுமந்துகொண்டு வரப்பில் ஓடினால் உன்னை ஒருத்தனும் பிடிக்க முடியாது. அந்த உடம்போடு வா. வேலை அப்புறம் கிடைக்கும்.

அக்கா


தஞ்சாவூர்
29-1-1971

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தோளுக்கு என்ன வைத்தியம் செய்தாய்? சொல்லவே இல்லையே.

நேற்று யாரும் இல்லாதபோது கட்டிலை விட்டு இறங்கி நின்று பார்த்தேன். முழங்கால் நடுங்கியது. ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பியதற்கு மூச்சு வாங்கியது. என் கெண்டைக்கால் இளைத்துத் தொளதொளவென்று கிடக்கிறது. வயிறு மட்டும் வேட்டி முடிச்சுக்கு மேலே வந்து உட்கார்ந்திருக்கிறது. எடை ஏறியிருக்கிறது என்று எழுதிக்கொள்கிறார்கள். எதில் ஏறியது என்று எனக்குத்தான் தெரியும். பண்ணையாரின் உடம்பை ஒரு மாதத்துக்கு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது.

டாக்டரிடம் ஊர் நிலவரத்தைச் சொன்னேன். நிஜமாகவே வருத்தப்பட்டார். "இப்ப எழுந்திரிச்சா இவ்வளவு நாள் செஞ்சது எல்லாருக்கும் வீண் தம்பி. அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி டெஸ்ட். அதோட நீ போகலாம்" என்றார். நான் தலையாட்டினேன். அவரைக் குறை சொல்லவில்லை. தலையாட்டியது நான்தான்.

வெள்ளிக்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அதுவரைக்கும் அப்பாவைக் களத்துப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்.

காயா


தஞ்சாவூர்
14-2-1971

அக்கா,

இதை நீ கிழித்துப் போட்டாலும் போடு. நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தபோதே சத்தம் கேட்டது. களத்துக்கு ஓடினேன் என்று சொல்லக்கூட முடியாது, நடந்தேன். நான் போய்ச் சேரும்போது அப்பா கீழே கிடந்தார். கதிர்க்கட்டை வண்டியில் ஏற்றவிடாமல் குறுக்கே நின்றவரைக் காரியக்காரர் தடியால் தலையில் அடித்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். நான் பார்த்தது காதிலிருந்து வழிந்த ரத்தத்தை.

வண்டி எல்லாம் பண்ணை வண்டி. மாடு எல்லாம் பண்ணை மாடு. கயிற்றுக் கட்டிலில் கிடத்தினோம். தலைமாட்டில் நான் ஒருத்தன், கால்மாட்டில் நீயும் ராமாயி சித்தியும். உன் ஒற்றைக் கையோடு நீ தூக்கினாய். வெட்டாற்றங்கரை வழியாக ரோட்டுக்கு இரண்டு மைல். அதே கரையில் நான் நெல் மூட்டையைச் சுமந்துகொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே போயிருக்கிறேன்.

நீ பின்னால் இருந்தாய், என் முகம் உனக்குத் தெரியவில்லை. கொஞ்ச தூரத்திலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. நெஞ்சு வாய்க்கு வந்தது. தொடை இரண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆடியது. "எறக்கி வெச்சிட்டுத் தூக்குவோமா" என்று இரண்டு தடவை கேட்க நினைத்தேன். ஒரு மாதம் ஆட்டுக்கறி தின்றவன் அதை எப்படிக் கேட்பது? வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் விட்டேன். மதகுப் பலகையில் ஏறும்போது கால் மடங்கிவிட்டது. கட்டில் சரிந்தது. அப்பா தலை மதகுச் சுவரில் பட்ட சத்தம் கேட்டது. அது மெதுவான சத்தம்தான்.

ரோட்டுக்குப் போனபோது மூச்சு இல்லை.

அப்பாவை எடுக்கும்போது நான் பாடைக்குத் தோள் கொடுக்க வந்தேன். "பாடையையாச்சும் நேராத் தூக்குவியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாய். அப்புறம் ஜெயிலிலிருந்து பரோலில் வந்திருந்த மாமாவைக் கூப்பிட்டு என் இடத்தில் நிறுத்தினாய். நீ கேட்டது தப்பு என்று சொல்லவில்லை. கொள்ளி வைக்கவாவது விட்டாய். அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டேன். சொல்லிக்கொள்ளாமல் வந்ததற்கு மட்டும் மன்னித்துக்கொள்.

காயாரோகணம்


தென்னவராயன்குடி
3-3-1971

காயாரோகணத்துக்கு,

கிழிக்கவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்றும் நினைத்துக்கொள்ளாதே. இது வேறு விஷயம்.

காரியக்காரர் மேல் கொலை கேஸ் போட்டிருக்கிறார்கள். அவருடைய வக்கீல் ஒன்று கிளப்பிவிட்டிருக்கிறார். அடி லேசான அடிதானாம். நம் அப்பா வைரக்கண்ணு செத்தது சொந்த மகன் மதகில் கீழே போட்டதாலாம். மதகுக்கு அந்தப் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பண்ணை ஆள் ஒருத்தன் பார்த்தானாம், சாட்சி சொல்கிறானாம்.

எங்கள் வக்கீல் உன்னையும் கூப்பிடுவார். கேட்டுக்கொள். கட்டில் விழவில்லை. நானும் ராமாயி சித்தியும் அப்படித்தான் சொல்லப்போகிறோம். சித்தியிடம் சாமி மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீயும் அதையே சொல். மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னால் அவன் ஒருத்தன் சொல்வது நிற்காது.

அப்பாவை அடித்தவன் வெளியே வரக் கூடாது. உனக்கும் எனக்கும் உள்ளதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அம்சம்


தஞ்சாவூர்
20-4-1971

அக்காவுக்கு,

லேபில் வேலை கொடுத்துவிட்டார்கள். சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த நாலு பையன்கள் வந்திருக்கிறார்கள். ஒருத்தன் பட்டுக்கோட்டைப் பக்கம், தென்னை ஏறுகிறவன். அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோவதும் தட்டு காலியாகிறதா என்று பார்ப்பதும் இப்போது என் வேலை. சிரித்துச் சிரித்துத் தின்கிறான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள், "தம்பி, ஊர்ல ஏதாச்சும் பிரச்சன இருந்தா இப்பவே எந்திரிச்சிப் போயிடு" என்றேன். "ஒரு பிரச்சனையும் இல்லண்ணே, கேசரி இன்னும் இருக்கா?" என்றான்.

டாக்டரிடம் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். காதில் ரத்தம் வந்திருந்தால் முதல் அடியே மண்டையை உடைத்திருக்கும், பிழைப்பது கஷ்டம்தான் என்றார். "கஷ்டமா, முடியாதா சார்?" என்று கேட்டேன். "அத நான் சொல்ல முடியாது காயாரோகணம்" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன வாரம் எனக்கு மறுபடியும் டெஸ்ட் எடுத்தார்கள். தினமும் நடக்கிறேன், மூட்டை தூக்குகிறேன், அளவாகத் தின்கிறேன். சர்க்கரை முன்னே மாதிரி இறங்கிவிட்டது. ரத்தம் தெளிந்துவிட்டது. மாடிப்படியில் ஓடி ஏறினேன், மூச்சு வாங்கவில்லை. இள உடம்பு, திரும்பிவிட்டது என்று டாக்டருக்குச் சந்தோஷம். நான் போய்க் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்த உடம்பு அந்தச் சனிக்கிழமை எங்கே போயிருந்தது?

கோர்ட்டுக்கு வருகிறேன். நீ சொன்னபடி சொல்லத்தான் நினைக்கிறேன்.

காயா


தென்னவராயன்குடி
17-1-1972

தம்பிக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. கொலைக் குற்றம் இல்லை என்று காரியக்காரரை விட்டுவிட்டார்கள். தடியால் அடித்ததற்குச் சின்ன தண்டனை போட்டு, அதுவரை உள்ளே இருந்ததோடு சரி என்று கழித்துவிட்டார்கள். ஊரில் பண்ணை ஆட்கள் வேட்டு வைத்தார்கள்.

நீ கோர்ட்டிலிருந்து என்னைப் பார்க்காமல் போய்விட்டாய். அன்றைக்கு நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் விசாரணை உனக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, விழவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். சித்தியும் சொல்லிவிட்டாள். நீயும் முதலில் விழவில்லை என்றுதான் சொன்னாய்.

அப்புறம் அவர்கள் வக்கீல் உன்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா தேக்கு மாதிரி இருக்கியே. நீ கீழ போட்டிருந்தா வேணும்னுதான போட்டிருக்கணும்? அப்பனுக்கும் மவனுக்கும் என்ன பகை?" என்றார். நம் வக்கீல் எழுந்து ஆட்சேபணை சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீ பேச ஆரம்பித்துவிட்டாய். "பகை இல்லீங்க. அன்னைக்கி என் ஒடம்பு இப்படி இல்லீங்க. ஒரு மாசம் படுக்கப் போட்டு நெய்யும் கறியுமாத் திங்கக் குடுத்தாங்க. அதுல பலம் போயிருச்சு. கால் மடங்கிருச்சு. அடிச்சது அவருங்க. போட்டது நான்" என்றாய்.

கோர்ட்டே சிரித்தது காயா. நெய்யும் கறியும் தின்று பலம் போனவனை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. ஜட்ஜ் கூட கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். உன் டாக்டர் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அவர் அதைப் பற்றித்தான் டெல்லியில் ஏதோ கூட்டத்தில் பேசப் போயிருந்தார் என்று வக்கீல் சொன்னார்.

நான் சிரிக்கவில்லை. உன் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டியவள் நான்.

நம் தெரு உன் மேல் கோபமாக இருக்கிறது. உன் மாமா உன் பேரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். ஒரு வார்த்தையில் கேஸைக் கெடுத்துவிட்டான் என்கிறார்கள். கெடுத்தாய்தான். இந்த அறுப்பில் பண்ணை நாம் கேட்ட அரைப்படியைக் கூட்டிக் கொடுத்துவிட்டது, சத்தமில்லாமல். வாங்கிக்கொண்டு வந்து அளந்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

ராத்திரியில் யோசித்தேன். அப்பா சாவுக்கு இரண்டு பேர் என்று ஆகிவிட்டது. ஒருத்தன் கூண்டில் நின்று நான்தான் என்றான். இன்னொருத்தன் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். எனக்கு உன் மேல் இருக்கிற கோபம் போகவில்லை. ஆனால் அவனையும் உன்னையும் ஒரே தட்டில் வைத்து வெறுக்க முயன்றேன், முடியவில்லை.

அடுத்த மாதம் அப்பாவுக்கு வருஷம் முடிகிறது. தலைமகன் இல்லாமல் செய்ய முடியாது என்று சித்தி சொல்கிறாள். நானும் சொல்கிறேன். காலைப் பஸ்ஸில் வா. உன் மாமா பேசமாட்டார், தெருவில் யாரும் பேசமாட்டார்கள், நானே என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. ரோட்டிலிருந்து தனியாக நடந்து வரவேண்டாம். பஸ் நிற்கிற இடத்தில் நான் நிற்கிறேன்.

அக்கா